இரண்டாவது வயலினுக்கு ஓர் இடம்

10 ஆகஸ்ட் 98, திங்கள்
வெயில். காற்று. வீடு முழுக்கப் புழுதி. சென்னையிலிருந்து கடிதம். நான்கு பேராகச் சேர்ந்து வாசிக்கும் குழு. இரண்டாவது வயலினுக்கு ஆள் தேவை. ஞாயிறு மதுரையில் வாசித்துக் காட்ட வேண்டும். எட்டாவதோடு நின்ற எனக்கு இதைவிட்டால் வேறென்ன தெரியும்?

அப்பா: “ஏத்தா, மொதல்ல பேரு கேட்டா வாயத் தொறந்து சொல்லுவியா?”

வாங்க வேண்டியது: வில்லுக்குப் பூச ரோசின், ஊக்கு, மேல் தந்தி 1 (இங்கே கிடைக்காது).

12, புதன்
மாதா கோயில் பாடற்குழுவில் ஐந்து வருடமாக நாங்கள் இரண்டு வயலின். ஜெஸி அக்கா முதலாவது, நான் இரண்டாவது. போன மாதம் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். என் பகுதியை மட்டும் வாசித்துப் பழகுகிறேன். அவள் தனியாக வாசிக்கும் இடம் வந்தால் நிறுத்தி, பதினாறு பார், அதாவது பதினாறு தாளக்கட்டு, மனதுக்குள் எண்ணிவிட்டுத் தொடர வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தை, சுவருக்கு அந்தப் பக்கம்: “என்ன புள்ள, ஒன் வயலினுக்கும் கரண்டு போயிப் போயி வருதா?”

தலைவலி.

16, ஞாயிறு
பஸ்ஸில் வாடிப்பட்டி வரை நின்றுகொண்டு. மதுரையில் ஒரு ஹால். நாற்காலிகளில் மூன்று பேர், நடுவில் ஒரு மேடம். “தெரிஞ்சதை வாசிம்மா.”

வாசித்தேன். ஜெஸி அக்காவின் இடம் வந்தது. வழக்கம்போல் வில்லை எடுத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஃபேன் சத்தம் மட்டும்.

கண்ணாடி போட்டவர்: “மறந்துபோச்சா?”

பேசினால் எண்ணிக்கை போய்விடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

“பாவம், பயந்துட்டா. போதும்மா.”

பதினாறு முடிந்தது. சரியான இடத்தில் வில்லை வைத்தேன். கடைசிவரை வாசித்தேன்.

மேடம்: “இது ரெண்டாவது வயலினாச்சே. மொத வயலின் எங்கம்மா?”

“கல்யாணம் ஆகிருச்சுங்க.”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

வீட்டில், “நல்லா வாசிச்சேன்ப்பா” என்றேன்.

24, திங்கள்
தூறல். கடிதம் வந்தது. இடம் வேறொருவருக்கு. கீழே மேடம் கையால்: எண்ணிக்கை பிசகவில்லை; ஆனால் நால்வரில் ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்கத் தெரிய வேண்டும்; முழுதாக ஒன்று கற்றுக்கொண்டு அடுத்த வருடம் வா.

அப்பா இரண்டு முறை படித்தார். “வரச் சொல்லித்தான எழுதியிருக்கு.” சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம். கதவைச் சாத்திவிட்டு ஜெஸி அக்காவின் பகுதியை எடுத்தேன். காதில் அத்தனையும் இருக்கிறது, விரலில் இல்லை. மூன்று வரி வந்தது. கூட இரண்டாவது வாசிக்க நான் இல்லை.