வெள்ளை அணுவுக்கு வெள்ளைச் சாப்பாடு

12-11-79, திங்கள். விடாத மழை.
வெளியே சொன்னால் மானம் போய்விடும். இன்று ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். குப்புறப் படுத்து, அவிழ்ந்த வேட்டியோடு, மகள் வயசு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, என்னை விட்டுடும்மா" என்று அழுதேன். ஆபீஸையே சிரிக்கவைக்கிற ஆள்.

ரத்தத்தில் வெள்ளை அணு குறைச்சல். இரண்டு வருஷமாக எப்போது பார்த்தாலும் அப்படித்தான். புற்றுநோயா என்று கேட்டேன். பெரும்பாலும் இருக்காதாம். சிலருக்கு மட்டும் ரத்தப் புற்றுநோய் இப்படி ஆரம்பிக்குமாம். மஜ்ஜையைப் பார்க்காமல் சொல்ல முடியாதாம். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, சில மருந்தே அணுவைக் குறைக்கும் என்றார் டாக்டர். மருந்து வாடையே ஆகாது சார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.
முடிவு வெள்ளிக்கிழமை.

13, செவ்வாய். தூறல்.
வீட்டுக்காரி சரோஜாவின் சொந்த வைத்தியம் ஆரம்பம். வெள்ளை அணு ஏற வெள்ளையாகச் சாப்பிடணுமாம். இட்லி, தயிர்சோறு, முள்ளங்கி, ராத்திரி இடியாப்பம். மீன் குழம்பு கேட்டேன். "அது செவப்பு. ஆவாது."
எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர், ரத்தம் ஊற ஒயின் கொண்டுவந்தார். அதுவும் செவப்பு. வாசலோடு சரி. மனுஷனுக்கு வருத்தமே இல்லை. பாட்டில் மிச்சம்.

15, வியாழன். வெயில்.
குருசுக்குப்பத்து மீன்காரம்மா ஒரு துண்டு வஞ்சிரம் சும்மா போட்டுவிட்டுப் போனாள். "ஐயாவுக்கு கேன்சராமே." அதற்குள் அங்கே வரை. பரப்பினது சொல்தாவாகத்தான் இருக்கும்.
மகள் மல்லிகாவுக்குத் தையில் கல்யாணம். நான் இல்லாவிட்டால் சம்பந்தியை யார் கேலி பண்ணுவது?
இதற்கு மேல் எழுத ஓடவில்லை. ஃபேனைத் துடைத்தேன்.

16, வெள்ளி. மூட்டம்.
மஜ்ஜை சுத்தம். புற்றுநோய் இல்லை. அணு ஏன் குறைகிறது என்று டாக்டருக்கே புரியவில்லை. அடிக்கடி ரத்தம் பார்க்கணும், காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவரணும். சரோஜா முந்தானையை முகத்தோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் பெஞ்சிலேயே. ராத்திரி மீன் குழம்பு, சிவக்கச் சிவக்க.

அலைந்ததில் தலைவலி. வழக்கமான பெட்டிக்கடை மாத்திரை. பல வருஷமாகத் தினம் ஒன்று போடுகிறதுதான். தண்ணீரை நீட்டிக்கொண்டே சரோஜா கேட்டாள்: "ஏங்க, டாக்டர் கேட்டாரே. பொட்டிக்கடையில வாங்கறதெல்லாம் மருந்துல சேராதா?"

அதற்குள் முழுங்கிவிட்டேன்.