இறங்காத கொடி

அன்புள்ள ஜோலீனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். ஹாம்பர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், ஒன்று மட்டும் கொஞ்சம் நீளம்.

நம் கல்லூரி ஃபுட்பால் அணி பழைய லீக்கை விட்டுவிட்டுக் கடலோர லீக்கில் சேர்ந்த கதையைக் கேட்டிருப்பாய். கான்சாஸில் கடல் எங்கே இருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்துப் பையனிடம் கேட்டேன். அவன் பொறுமையாக, “ஃப்ளோரிடாவுல எத்தனை வீட்ல டிவி இருக்கு, நம்ம பக்கம் எத்தனை வீட்ல இருக்கு, யோசிச்சுப் பாருங்க சார். சேனல்காரன் தலையை எண்ணித்தான் பணம் தர்றான்” என்றான். யோசித்துப் பார்த்தேன், இன்னும் விளங்கவில்லை. விளையாடுவது பிள்ளைகள், பார்ப்பது நாம், எங்கேயோ இருக்கிறவன் வீட்டு டிவி நடுவில் எதற்கு வந்தது? வருஷா வருஷம் நம்மோடு மோதுகிற கார்வர் கல்லூரியை எந்த லீக்கும் சீந்தவில்லை. அங்கே டிவியைவிட மாடுகள் அதிகமாம்.

அதனால் கார்வரோடு இனி ஆட்டமே கிடையாது. உன் க்ளைட் சித்தப்பா அந்தக் கல்லூரிக்காரன். பண்ணையைப் பிரித்த நாளிலிருந்து நானும் அவனும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பேசுவோம், மைதானத்து வாசலில், கறி சுடுகிற அடுப்பருகே. தோற்றவன் வீட்டு முகப்பில் ஜெயித்தவன் கொடி, அடுத்து ஜெயிக்கும்வரை இறக்கக் கூடாது என்பது எங்கள் பந்தயம். போன வருஷம் கடைசி நிமிஷத்தில் நாம்தான் தோற்றோம். ஆட்டுக்கடா படம் போட்ட கார்வரின் கத்திரிப்பூ நிறக் கொடி இன்னும் நம் வீட்டில்தான் பறக்கிறது. இனி எந்த ஆட்டத்தில் ஜெயித்து அதை இறக்குவது? பாதிரியாரைக்கூடக் கேட்டேன், இது தன் இலாகா இல்லை என்றுவிட்டார்.

நன்றித் திருநாள் முடிந்த சனிக்கிழமை, வழக்கமாக ஆட்டம் நடக்கிற நாள். நம் பிள்ளைகள் ஃப்ளோரிடாவில் யாரோடோ ஆடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு டிவியைப் போடக்கூட மனசு வரவில்லை. வாசலில் க்ளைட்டின் லாரி வந்து நின்றது. ஏணியை இறக்கிச் சாத்தினான். “ஆட்டம்தான் போச்சேண்ணே, கொடியக் கழட்டிட்டுப் போறேன், உனக்கும் அசிங்கம் வேண்டாம்” என்றான். “தோத்தவன் நான், ஜெயிக்காம எப்படிடா இறக்குறது” என்றேன். “யாரை ஜெயிக்கப் போற, காத்தையா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியும் போய்விட்டால் இவன் எதற்காக இந்த வாசலுக்கு வரப்போகிறான் என்று நினைத்தேன். தொடாதே என்று கத்திவிட்டேன். கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று பார்த்தால், நேராக உள்ளே போய் அடுக்களையில் உட்கார்ந்து அம்மாவிடம் காபி கேட்டான். பண்ணையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருட்டுவதற்குள் கிளம்பினான்.

போன பிறகு பார்த்தால் ஏணி சாத்தியபடியே நிற்கிறது. மறந்து போனானா, வேண்டுமென்றே விட்டுப் போனானா என்று தெரியவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுப்பதா, அவன் வரட்டும் என்று வைத்திருப்பதா? அம்மா, “ரெண்டு பேருக்கும் பைத்தியம்” என்கிறாள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். வயிறாரச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு மறக்காமல் போன் பண்ணு. ஏணியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

உன் அப்பா,
வெர்னன்