கீழிருந்து மேலே சுற்றிய டேப்

நேற்று திருப்பரங்குன்றம் ஹார்டுவேர் கடையில் யாரோ சிலிக்கான் பசைக் குழாயைத் திறந்தார்கள். அந்தப் புளித்த வினிகர் வாடை மூக்கில் ஏறியதும் உன்னைத் தேடித் திரும்பினேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. என் கழுத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை. "இத செம்புக்கிட்ட கொண்டு போகாதடி, அரிச்சுரும்" என்று கடைக்காரரையும் சேர்த்துத் திட்டியிருப்பாய்.

வேலைக்குப் போய்க்கொண்டே, டவர் இல்லாமல் பேசும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கிய இரண்டு கிறுக்குச் சிநேகிதிகள் நாம். கடலோரம் மண்டபம் ஊர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் தங்கை, புயல் என்றால் முதலில் செல்போன்தான் சாகும் என்றாள். அவள் கணவரையும் பரீட்சை எழுத வைத்து, அவர்கள் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டினோம். ஒயர் சேரும் இடத்தை நம் மதுரைப் பழக்கத்தில், மேலிருந்து கீழாகக் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றினோம். இங்கே வெயில்தானே நமக்கு எதிரி. உப்புக்காற்றை யார் கண்டது?

முதல் புயலிலேயே ரேடியோவில் வெறும் இரைச்சல். தங்கை அப்போது நிறைமாசம். அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, உயிரோடுதான் இருக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தகவல் வந்து எல்லோரும் மூச்சுவிட்டோம். உனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த பஸ்ஸில் என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

டேப்பை அறுத்ததும் செம்பை அரித்த பச்சைத் தண்ணீர் வழிந்தது. உச்சிவெயிலில் அந்த மாடியை விட்டு நீ இறங்கவே இல்லை. தங்கை சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இரு தாயி, வாரேன்" என்றாய், வரவில்லை. பிறகு சட்டென்று சிரித்தாய்.

"மேலேருந்து சுத்துனா ஒவ்வொரு மடிப்பும் வாயத் தொறந்துக்கிட்டு மழையக் குடிக்கும். ஓடு எப்படி வேயுறாக? கீழேருந்துதான? அம்புட்டுத்தான் விசயம்."

ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துக் கீழிருந்து மேலே சுற்றினாய். அதன்மேல் சாதா டேப்; பிரிந்து வராமலிருக்கக் கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் ஒட்டினாய். வீட்டுக்குள் போகும் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு, தண்ணீர் அங்கேயே சொட்டிப் போக வழி செய்தாய். அடுத்த புயலில் போன் செத்த பிறகும் தங்கை வீட்டுக்காரர் குரல் கணீரென்று வந்தது: "மதினி, பிள்ளையும் அவளும் நல்லா இருக்காக." அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீயோ, டீயில் சர்க்கரை கம்மி என்றாய். எப்பேர்ப்பட்ட மனுஷி நீ.

இந்த ஆடியில் போய்ப் பார்த்தால், தங்கை வீட்டு மாடியில் ஒயரின் மேல்தோல் வெயிலில் வெடித்திருந்தது. மாற்றியே ஆகவேண்டும். நீ கட்டியதை அறுக்க எனக்கு மனசே வரவில்லை. அறுத்தேன். இத்தனை மழைக்காலம் தாண்டியும் உள்ளே செம்பு புதுசாக மின்னியது. மாடியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். பிறகு புது ஒயரைப் பூட்டி, கீழிருந்து சுற்றத் தொடங்கினேன்.

போன வாரம் அங்கே பேய்க்காற்று, போன் செத்துவிட்டது. ரேடியோவைத் திருகினேன். குரல் வந்தது, துளி இரைச்சல் இல்லாமல்.

"மதினி, எல்லாரும் நல்லா இருக்கோம். அந்தக்கா கட்டுனதப் பிரிச்சுட்டீகளேன்னு இவ ராவெல்லாம் பொலம்புனா."

"எனக்கும் பயந்தான்" என்றேன். "இனிமே பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ஒவ்வொரு ஆடிக்கும் நான் வந்து பாத்துட்டுப் போறேன்."