பாடாமல் போன வேடக்காரன்

க்ளூன்பெக்,
ராஸ்காமன் மாவட்டம், அயர்லாந்து.
நவம்பர் 24, 1984

அன்புள்ள மகள் கிரானியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பாஸ்டன் குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல், போலீஸ் கண்ணில் படாமல் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் பசுக்களும் நலம், கூரையைப் பற்றி மட்டும் கேட்காதே. இந்தக் கடிதத்தையும் உன் முதலாளியம்மா பெயருக்குத்தான் அனுப்புகிறேன், உன் பெயரை உறைமேல் எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. விசா இல்லாத பெண்ணின் பெயரை யார் யார் படிப்பார்களோ. நம் ஊர்த் தபால்காரரே வெளிநாட்டுத் தபால்தலையைக் கண்டால் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறவர்.

நீ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஹாலோவீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களாம், பூசணிக்காய் கம்பெனி கண்டுபிடித்தது என்று அவர்கள் அப்பா சொன்னாராம். சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. அது நம்முடைய சவின் என்று சொல். கோடை செத்து இருட்டு பிறக்கிற இரவு. மலையில் மேய்ந்த மாடுகளைக் கீழே இறக்கி, குளிர்காலத்துக்குத் தீனி போதாத மாடுகளை வெட்டி உப்புக்கண்டம் போடுகிற காலம். ஊரில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு மலைமேல் ஒரே நெருப்பு மூட்டி அதிலிருந்து வீட்டுக்கு வீடு கங்கு எடுத்துப் போவார்களாம். அன்றைக்குச் செத்தவர்களுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற கதவு தாழ் இல்லாமல் கிடக்கும், நல்லதும் வரும் கெட்டதும் வரும், அதற்கு அடையாளம் தெரியக்கூடாதென்றுதான் முகத்தை மூடிக்கொண்டார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தது அதற்குப் பிறகு. சாமியார்கள் வந்து மறுநாளைப் புனிதர் எல்லாரின் திருநாள் என்று பெயர் மாற்றினார்கள், நம் ஆட்கள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பழையதையே செய்தார்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்கு. உனக்கு இன்னொன்று சொல்கிறேன். நிலக்கிழார் காலத்தில் குத்தகை கட்ட வேண்டிய நாளும் நவம்பர் முதல் தேதிதான். அந்த இரவில் நம் ஆட்கள் நடுங்கியது பேய்க்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விடிந்தால் குத்தகைக்காரியஸ்தன் வருவான். பேயாவது ஒரு தட்டுச் சோற்றோடு போய்விடும்.

இந்த வருடம் நம் வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து வந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பதறாதே, முழுவதும் படி. சவின் அன்று வழக்கம்போல் உன் அப்பாவுக்கு இடம் வைத்தேன். அவர் போய் இது மூன்றாவது சவின். அடுப்போரம் அவர் நாற்காலி, நுனி நெருப்பைப் பார்த்தபடி அவருடைய பூட்ஸ், புகையிலை அடைத்த பைப், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மசித்து நடுவில் குழித்து வெண்ணெய் விட்ட தட்டு ஒன்று. பாதிரியார் ஹெகார்ட்டிக்கு இது பிடிக்காது, மூடநம்பிக்கை என்பார். திராட்சை ரொட்டியும் சுட்டு, உள்ளே உன் அப்பா பழைய சைக்கிள் மணியின் பித்தளையில் ராவிச் செய்த மோதிரத்தை வைத்தேன். ஒரு பக்கம் அரம் வழுக்கிக் கீறல் விழுந்திருக்குமே, அதேதான். பொழுது சாய்ந்ததும் வேடக்காரர்கள் வந்தார்கள். பால் வண்டி ஓட்டுகிற பையன்களும் அவர்கள் கூட்டாளிகளும், பாவாடை கட்டி, மாவுச் சாக்கில் கண்ணுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு. ஒருத்தன் மேஜையைத் தட்டினான், ஒருத்தன் அக்கார்டியன் வாசித்தான், மற்றவர்கள் ஆடினார்கள். நான் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தேன், மாட்டினவன் சாக்கைக் கழற்றிவிட்டு, "அத்தே, உங்க கண்ணு கண்ணா இல்ல கழுகா?" என்று சிரித்தான்.

கடைசியாக வந்தவன் ஒருத்தன் ஆடவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்தான், சுவரோடு சுவராக நின்றான். பையன்களைக் கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவனோடு வந்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். வேடம் கட்டி வந்தால் ஒரு பாட்டோ நாலு வரியோ கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப் பண்டத்தைத் தொட வேண்டும். இவன் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் பெயரைச் சொன்னேன், தபால்காரர் பெயரைச் சொன்னேன், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். "ஊமைப் பேயை இப்பத்தான்டா பாக்குறேன்" என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஓட்டைகள் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பார்த்தன, பூட்ஸைப் பார்த்தன, பைப்பைப் பார்த்தன. ரொட்டித் துண்டை நீட்டினேன், தின்றால் சாக்கைத் தூக்க வேண்டுமே, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ரொட்டி முழுவதும் தீர்ந்தது, மோதிரம் யார் பல்லிலும் கடிபடவில்லை. மாவில் போட மறந்துவிட்டேனோ என்று அலமாரியை எல்லாம் கொட்டித் தேடினேன்.

அடுத்த வாரம் நகரத்து அலுவலகத்திலிருந்து லாலர் என்று ஓர் அதிகாரி வந்தார். ஷூவில் சேறு படாமல் முற்றத்தைத் தாண்டத் தெரியாத மனிதர். உதவிப்பணம் வாங்குகிற விதவை வீட்டில் ஆண் ஒருவன் இருக்கிறான் என்று போனில் புகாராம், பெயர் சொல்லாத புகார். ஆண் துணை இருந்தால் விதவைப் பணம் கிடையாது, உனக்குத் தெரியுமே. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "யாருங்க அந்த அதிர்ஷ்டசாலி, எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்போரம் ஆண் பூட்ஸ், அடைத்த பைப், சூடான தட்டு, தனி நாற்காலி, ஹாலோவீன் இரவு இதெல்லாம் இங்கே இருந்ததாகப் புகாரில் இருக்கிறது, சரிதானே என்றார். அப்படியானால் போன் செய்தவன் அன்றிரவு என் வீட்டுக்குள் வந்தவன். அது என் செத்துப்போன புருஷனுக்கு வைத்தது என்றேன். "செத்தவருக்கு எதுக்கும்மா பூட்ஸ்?" என்று கேட்டார். "வர்ற வழி சேறுங்க" என்றேன். அவர் டப்ளின்காரர், அவர் வீட்டில் ஹாலோவீனுக்குக் கடலையும் ஆப்பிளும்தானாம், பிணத்துக்குப் பரிமாறுவதைக் கேட்டதே இல்லையாம். பிறகு என்ன செய்தார் தெரியுமா, மாடிக்குப் போய் என் கட்டிலில் எத்தனை தலையணை என்று பார்த்தார். ஒரு பெண் தனியாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அரசாங்கம் அவள் தலையணையைப் பார்க்கிறது. வரி ஏய்க்கிற மாட்டு வியாபாரி வீட்டு மாடிக்கு எந்த அதிகாரியாவது ஏறிப் பார்த்திருப்பானா? விசாரணை முடியும்வரை பணம் நிற்கும், இது ஊர் வழக்கம்தான் என்று புருஷன் பக்கத்து ஆள் யாராவது என் எதிரில் வந்து சொல்லட்டும், வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன் என்று போனார்.

பணம் நின்றால் நம் கதை உனக்கே தெரியும். ரோட்டோரக் கீழ்வயலை விற்க வேண்டும், அந்த வயல் போனால் பசுக்கள் போகும், பசுக்கள் போனால் நானும் ஏதாவது நகரத்தில் யாருடைய சமையலறையிலோ. நீ திரும்பி வருவதற்கு வீடு என்று ஒன்று இருக்காது. அந்த ஒரு வாரம் நான் யாரையும் நேராகப் பார்க்கவில்லை, கோயிலில் பக்கத்துப் பெஞ்சில் இருமியவரைக்கூடச் சந்தேகப்பட்டேன். பாதிரியாரிடம் போனேன். "நோரீன், நான் அப்பவே சொன்னேன்ல, இந்தப் பிசாசு வேலையெல்லாம் வேணாம்னு. இப்ப என்னை வந்து சாட்சி சொல்லச் சொன்னா எப்படி?" என்றார். இந்த நவம்பர் மாதம் முழுக்கச் செத்தவர்கள் பெயரை உறையில் போட்டுக் காசோடு பீடத்தில் வைக்கச் சொல்கிறவர் அவர். உறையில் போட்டால் பக்தி, தட்டில் போட்டால் பிசாசு.

கடைசியில் உன் சித்தப்பா ஃபின்டனிடம் போனேன். உன் அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, இந்த அடுப்பங்கரையில் வளர்ந்தவன், அவன் சொன்னால் போதும். சவின் அன்று இடுப்பு வலி என்று படுத்திருந்தவன் இப்போது மாட்டுக்கு டர்னிப் வெட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "ஆபீஸ் விவகாரம் அண்ணி, நான் போய் மாட்டிக்கிட்டா என் மானியத்தையும் நோண்டுவாங்க. பேசாம அந்தக் கீழ்வயலைத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருங்களேன், வெளியாளுக்குப் போறதுக்கு நானே எடுத்துக்குறேன்" என்றான். அந்த வயலை அவன் கேட்பது இது முதல் தடவை இல்லை. எனக்கு உறுத்தியது. ஆனால் வயல்மேல் ஆசைப்படாதவன் இந்த ஊரில் யார், அதை வைத்து ஒருத்தனைக் குற்றம் சொல்ல முடியுமா என்று திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஃபின்டன் வீட்டிலிருந்து உன் சித்தி ஃபிலோமினா முட்டை கொடுக்க வந்தாள். ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அக்கா, இது உங்க ரொட்டி மோதிரம்தானே? அவரோட பழைய கோட்டைத் துவைக்க எடுத்தேன், பையில காஞ்ச ரொட்டியோட கெடந்துச்சு. மோதிரம் கெடச்சவனுக்கு வருஷத்துக்குள்ள கல்யாணமாமே, அப்ப எனக்கு எப்ப சாவுன்னு கேட்டுட்டேன் அந்த மனுசன்கிட்ட" என்று சிரித்தாள். நான் மோதிரத்தைத் திருப்பினேன். அரம் வழுக்கிய கீறல். அதற்கு ஃபின்டன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "என்னத்தச் சொன்னாரு, மொகம் வெளுத்துப்போச்சு, மாட்டுக்கொட்டாய்க்குப் போயிட்டாரு" என்றாள். அவள் வெகுளியாகக் கொண்டுவந்தாளா, தெரிந்தே கொண்டுவந்தாளா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போகும்போது என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

கிரானியா, தெரியாத ஒருவன் பார்த்துவிட்டுத் தப்பாக நினைத்திருந்தால் மன்னித்திருப்பேன். இவனுக்கு அந்த நாற்காலி யாருடையது என்று தெரியும். அண்ணனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சின்ன வயதில் இதே தரையில் தடுக்கி விழுந்தவன். அண்ணனுக்கு வைத்த சோற்றைப் பார்த்துவிட்டுப் போய், என் வீட்டில் எவனோ இருக்கிறான் என்று போன் செய்திருக்கிறான். நான் கோட்டைக்கூட மாட்டாமல் போனேன். அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மோதிரத்தை வைத்தேன். "சும்மா வெளையாட்டுக்கு வந்தேன் அண்ணி" என்றான். "வெளையாட்டுக்கு வந்தவன் பாடியிருப்பான்" என்றேன். நாளைக்கு லாலர் வருகிறார், நீ வந்து சொல்கிறாய், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது இந்த மோதிரம் எந்தக் கோட்டுப் பையில் இருந்தது என்று நான் சொல்கிறேன் என்றேன். ஃபிலோமினா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், திரும்பவில்லை.

வந்தான். பூசைக்குப் போடுகிற கோட்டில் வந்தான். லாலரிடம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னான், இந்த வீட்டில் எங்கள் அப்பன் பாட்டன் எல்லாருக்கும் இப்படித்தான் வைப்பார்கள், இது என் அண்ணன் நாற்காலி என்று. அண்ணன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அழுதானா நடித்தானா என்று என்னைக் கேட்காதே. லாலர் எழுதி முடித்தார், பணம் மறுபடி வரும் என்றார், தொப்பியை எடுத்துக்கொண்டே, "அப்போ போன் பண்ணவன் இந்த ஊர் வழக்கம் தெரியாத ஆளாத்தான் இருக்கணும், இல்லையா?" என்று கேட்டார். நான் ஃபின்டனைப் பார்த்தேன். அவன் உன் அப்பாவின் நாற்காலியைப் பார்த்தான். "ஆமா சார்," என்றான், "எவனோ வெளியூர்க்காரன்."

நானும் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். ஃபிலோமினா எப்போதும்போல் முட்டை கொண்டுவருவாள், அவள் எனக்குத் தங்கை மாதிரி. அந்த வெளியூர்க்காரர் உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினால் பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், நான் எதுவும் சொல்லமாட்டேன். அடுத்த சவினுக்கும் கதவு திறந்துதான் இருக்கும், நாற்காலியும் இருக்கும். ஒருத்தன் செய்ததற்காகச் செத்தவரைப் பட்டினி போட முடியாது.

கடவுளும் உன் அப்பாவும் உன்னைச் சுற்றி நிற்கட்டும். கம்பளிக் காலுறை மாட்டாமல் வெளியே போகாதே. உன் விசா விஷயத்தை நம் ஊர்க்காரர் யாரிடமும் பேசாதே, சிரித்துப் பேசுகிறவரிடம் முக்கியமாகப் பேசாதே. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடு: முகத்தை மூடி வருகிறவனை முதலில் பாடச் சொல்ல வேண்டும். பாடாதவனுக்கு மிட்டாய் கிடையாது.

உன் அம்மா,
நோரீன்