முதலையைக் கொண்டுபோன பிறகு

மே 18, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "தெக்குக் கரையில முட்டை இருக்கு சார்."

ஐந்து சொற்கள். வனக்காப்பாளர் இரண்டு தடவை கேட்டும் வாயிலிருந்து வரவில்லை.

காலை ஏழுக்கே வெயில் தாங்கவில்லை. கடலூரிலிருந்து முதல் பஸ், சிதம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. பழைய கொள்ளிடக் கரையில் எங்கள் குட்டை. குட்டையைச் சுற்றி ஊரே. வனத்துறையிலிருந்து ஐந்து பேர், வலை, கயிறு. ஒன்றரை மணி நேரம். முதலையை வெளியே இழுத்தபோது ஒன்பது அடி இருக்கும். வாயைக் கயிற்றால் கட்டினார்கள், கண்ணை ஈரச் சாக்கால் மூடினார்கள். பையன்கள் அதன்மேல் கால் வைத்து போட்டோ எடுக்கப் பார்த்தார்கள். வனக்காப்பாளர் அதட்டினார்.

பிறகுதான் கேட்டார். "பொட்டை மாதிரி தெரியுது. இது முட்டை இருக்குற சீசன். கரையில எங்கயாச்சும் தோண்டுன மாதிரி பாத்தீங்களா?"

பெரியப்பா: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க கரை எங்களுக்குத் தெரியாதா?"

கூட்டத்திலிருந்து ஒருவன்: "கோழியா சார் அது, கூடையத் தூக்கிப் பாக்கறதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டல். அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

கரையை ஒரு சுற்று நடந்தும் பார்த்தார்கள். தெற்கே கருவேல முள் விறகுக் குவியல்போலக் கிடந்தது. பெரியம்மா போட்டது. நாய் தோண்டாமல் இருக்க. பெரியம்மா இன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

மனுவை டைப் செய்ததும் நான்தான். "எங்கள் பட்டா நிலத்தில் உள்ள குட்டையில் ஒரு முதலை." ஒரு முதலை. அவ்வளவுதான். பட்டா நிலத்துக் குட்டை என்றால் பட்டாவில் பெயர் உள்ள எல்லோரும் எழுதிக் கொடுத்தால்தான் இறங்குவார்கள், இந்தப் பக்கத்து வழக்கம் அது. பெரியப்பா, நெய்வேலி அத்தை, அப்பா இடத்தில் நான். மூன்று கையெழுத்து.

மே 19, திங்கள்

இ-சேவை மையம், என் கௌன்டர். மஞ்சக்குப்பத்தில் கரண்ட் இரண்டு தடவை போனது. சான்றிதழ் விண்ணப்பங்கள், ஆதார் திருத்தம், ஒரே வரிசை.

நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பையோடு ஒருவர். வடலூரிலிருந்து வருகிறாராம். நான் வழக்கம்போல: "கூட்டுப் பட்டாவா? எல்லாரும் கையெழுத்துப் போடணும் ஐயா. போட்டு எடுத்துட்டு வாங்க."

"இன்னாம்மா, தம்பி துபாய்ல இருக்கான்."

"அப்ப முடியாதுங்க."

ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற வாக்கியம். நேற்று ஐந்து சொல் வரவில்லை.

கோபம் யார்மேல் என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். பெரியப்பாமேல்: பொய் சொன்னதற்கு. அதைவிட, அத்தனை எளிதாகச் சொன்னதற்கு. ஊர்மேல்: சிரித்ததற்கு. என்மேல்: முதல் இடம் எனக்குத்தான் வர வேண்டும். எப்படி மூன்றாவதாக வந்தது?

முட்டை என்று எழுதினால் பொரிக்கும்வரை யாரும் மண்ணைத் தொடக்கூடாது என்பார்கள். கரையை மேடாக்கி மனை போட்டு விற்கிற திட்டம் நின்றுபோகும். பெரியப்பா சித்திரையிலேயே சொன்னார்: "முட்டை இருக்குதுன்னு பேரு வந்துச்சுன்னா அந்த எடத்துல எவன் மனை வாங்குவான்? நீ படிச்ச பொண்ணு, யோசிச்சிப் பாரு." யோசித்தேன். மனையில் என் பங்கும் உண்டு. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் என்பதும் உண்டு. இதையெல்லாம் யோசித்துத்தான் "ஒரு முதலை" என்று டைப் செய்தேன்.

வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், பேனா, சிலிண்டர் புக் பண்ணணும்.

மே 20, செவ்வாய்

காற்றே இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைவரை நடந்தேன், அங்கேயும் இல்லை.

நூலகத்தில் ஊர்வன பற்றிய தடிமனான புத்தகம். நான் கதைகள் இருக்கும் அலமாரிக்கே போகிறவள், நூலகர் ஒரு மாதிரி பார்த்தார். படித்தது: பொரியும் நாள் நெருங்கினால் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் கேட்டு மண்ணைத் தோண்டும். அது தோண்டாவிட்டால் இறுகிய மண்ணை விலக்கிப் பெரும்பாலானவற்றால் வெளியே வர முடியாது.

அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். ஞாயிறன்று நாங்கள் கொண்டுபோகச் சொன்னது ஒரு முதலையை மட்டும் இல்லை. அந்தக் காதையும்.

பெரியம்மாவுக்கு ஃபோன்.

"எப்ப தோண்டிச்சு பெரிம்மா?"

"மாசி மகம் முடிஞ்ச வாரம். நான் மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போனப்ப பாத்தேன். பின்னங்காலால வாரி வாரிப் போடுது. நம்ம பொம்பளைங்க அடுப்புல வெறவு தள்ற மாதிரியே."

"நீங்க ஏன் ஞாயித்துக்கெழம சொல்லல?"

"நீ ஏண்டி சொல்லல?"

பிறகு அவரே: "முள்ளு அப்படியேதான் கெடக்குது. தெனம் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்."

மாசி மகத்திலிருந்து விரல் விட்டு எண்ணினேன். பத்து வாரம். புத்தகக் கணக்குப்படி இன்றோ நாளையோ.

மே 21, புதன்

இரண்டாவது மனு டைப் செய்தேன். "மேற்படி குட்டையின் தெற்குக் கரையில் முட்டைகள் உள்ளன. அவற்றைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லுமாறு." கீழே மூன்று பெயர், மூன்று கோடு. கை தானாகப் போட்டது.

மூன்று கையெழுத்து வேண்டுமே. அத்தை போட்டுவிடுவாள், அவளுக்கு எதுவும் படிக்கப் பொறுமையில்லை. பெரியப்பாவுக்கு மதியம் ஃபோன் செய்தேன். நேராகச் சொன்னேன். கேட்டேன். ஆம், நானே கேட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்படியா. சரிம்மா. வெள்ளிக்கெழம வா, பேசிக்கலாம். கையெழுத்துதானே."

"நாளைக்கே வரேன் பெரிப்பா."

"நாளைக்கு எனக்கு விருத்தாசலத்துல வேலை ஜாஸ்தி. வெள்ளிக்கெழம வா."

குரலில் அன்பு. ஃபோனை வைத்த பிறகுதான் அந்த அன்பு பிடிக்கவில்லை.

மே 22, வியாழன்

லீவு போட்டேன். வனச்சரக அலுவலகம். அதே வனக்காப்பாளர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருக்கலாம். மேசையில் பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலம். மனுவைக் கொடுத்தேன். "ஒரு கையெழுத்துதான் சார் இருக்கு. மத்த ரெண்டு பேர்..." என்று இழுத்தேன்.

படித்தார். நிமிர்ந்தார்.

"பிடிக்கறதுக்குத்தான் மூணு பேரும் வேணும்மா. முட்டை இருக்குதுன்னு தகவல் சொல்றதுக்கு யாரு வேணாலும் சொல்லலாம். பட்டாவே வேணாம். ரோட்டுல போறவன் சொன்னாகூட நாங்க வரணும்."

ஒரு ஃபோன் போதும். திங்களன்று ஒரு ஃபோன். நான் கௌன்டரில் ஊரையெல்லாம் திருப்பி அனுப்புகிற அதே வாக்கியத்தை எனக்கே சொல்லி என்னையே திருப்பி அனுப்பிக்கொண்டேன். போதாக்குறைக்குப் பெரியப்பாவிடம் போய்ச் சொல்லியும் வைத்தேன்.

அவர் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா கையோட எடுத்திருப்போம்" என்றார். திட்டியிருக்கலாம். இன்று வேறு ஊரில் வீட்டுக் கொல்லைக்கே முதலை வந்துவிட்டதாம், ஜீப் அங்கே போகிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு நேராகக் குட்டைக்கு வருவதாகச் சொன்னார்.

பெரியம்மாவுக்கு மூன்று தடவை ஃபோன். எடுக்கவில்லை. அண்ணாமலை நகரில் தோழி அறையில் தங்கல். அவள் ரசம் வைத்தாள்.

மே 23, வெள்ளி

ஏழே காலுக்குக் குட்டையில். ஜேசிபி ஏற்கெனவே வேலையை முடித்து ஓரமாக நின்றது. தெற்குக் கரை சமமாக இருந்தது. இடுப்பளவு செம்மண். முள் இல்லை. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா அந்த மண்மேல் உட்கார்ந்திருந்தார். தலை கலைந்து.

"நேத்து சாயங்காலமே கேட்டுச்சுடி. கோழிக்குஞ்சு மாதிரி, மண்ணுக்குள்ளேருந்து. மம்முட்டி எடுத்துட்டு வந்தேன். உங்க பெரிப்பா புடுங்கிட்டாரு. ஃபோனையும்."

பெரியப்பா மோட்டார் கொட்டகை நிழலில். "பாம்பு முட்டைக்கு அழுவற மாதிரி அழுவாதீங்க ரெண்டு பேரும். அந்த மொதல நம்ம ஆட்ட இழுத்துட்டுப் போனப்ப எங்க போச்சு இந்தக் கண்ணீரு? நாளைக்கு ஒரு கொழந்தைய இழுத்துச்சுன்னா?"

அது நியாயமான கேள்வி. அதனால் இன்னும் கோபம்.

"அதுக்குத்தானே வனத்துறை சார் இருக்காரு, கொண்டுபோறதுக்கு! இருக்குதுன்னு சொல்றதுல உங்களுக்கு இன்னா போச்சு?" என்று கத்தினேன். பெரியப்பாவிடம் குரல் உயர்த்தியது வாழ்க்கையில் முதல் தடவை. டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

எட்டாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜீப். பெரியம்மா கொட்டகை மூலையிலிருந்து அடி வைத்து எண்ணி ஓர் இடத்தில் நின்றார். "இங்க." ஜேசிபி வேண்டாம் என்று வனக்காப்பாளர் சொன்னார். மேல் மண்ணை மம்முட்டியால், பிறகு கையால். டிரைவரும் வந்து வாரினார், யாரும் கூப்பிடாமல். மேலே மண் சூடாகவும் அடியில் ஈரமாகவும் இருந்தது. சத்தம் எதுவும் இல்லை.

முப்பத்தொரு முட்டை. பெரும்பாலானவை நசுங்கி. சில முட்டையோட்டை உடைத்துத் தலை வரை வந்து நின்றவை. ஐந்து குஞ்சுகள் அசைந்தன. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. ஒன்றின் அசைவு பெரியம்மா கையிலேயே நின்றுவிட்டது. அவர் அதை உடனே கீழே வைக்கவில்லை.

வனக்காப்பாளர் கை கழுவிவிட்டு நோட்டை எடுத்தார். என்னைக் கேட்டார்: "பதினெட்டாம் தேதி நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"தெரியும் சார்."

"அவருக்கு?"

"தெரியும்."

எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மே 27, செவ்வாய்

வனத்துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம், முதல் மனுவில் கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கும் தனித்தனியாக. அவர்கள் கொண்டுபோன நான்கு குஞ்சுகளில் இரண்டு சனிக்கிழமை செத்துவிட்டன. மற்ற இரண்டையும் நேற்று, பிடித்த முதலைகளை விடும் ஏரியில் விட்டார்கள்.