பரிசல்காரி எடுத்துக் கொடுத்த சொல்

ஆகஸ்ட் 7, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு நீலச் சுடிதார் என்று இன்று முடிவாயிற்று. ஹாஸ்டல் அறையில் நால்வரும் கூடினோம். மஞ்சளுக்கு ஆதரவான கருத்துகளும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. நாச்சியார் மட்டும் வெளிநடப்பு செய்தாள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

நாடகம் 'பரிசல்காரி'. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வருடம் தவறாமல் பார்த்தது. இளவரசனை அக்கரை சேர்க்க மறுத்து, கேள்விமேல் கேள்வியாகப் பாடுவாள் பரிசல்காரி. அவன் பதில் பாடி ஜெயித்து அவளையே கட்டிக்கொள்வான். குன்றத்தூர் மண்டபத்தில் தென்மாவட்டத்துக்காரர்கள் சங்கம் போடுகிறது. மறுநாள் எல்லோருக்கும் ஷிப்ட் என்பதால் காதலை மாலையிலேயே முடித்துவிடுவார்களாம்.

சக்திகுமாரும் வருகிறான். ஆவணி பிறந்ததும் அவன் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆர்மோனியம் எழுந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகள், வெளியே லாரிச் சத்தம், எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

இந்த நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. இளவரசனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பரிசல்காரியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. மேடையில்தான் சந்திப்பு. என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியாது. அதனாலேயே சிறுவயதில் அவன் அறிவைக் கண்டு மயங்கினேன்.

இன்று முன்வரிசை. ஒரு கேள்விக்கு அவன் திணறினான். அவள் வெட்கப்படுவதுபோல் முந்தானையால் வாயை மறைத்து, பதிலின் முதல் சொல்லை மெல்லப் போட்டாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு உச்சத்துக்குப் போனான். கைதட்டல். அவள் தோற்றவளாகத் தலைகுனிந்தாள்.

எல்லா வருடமும் இப்படித்தான் நடந்ததா?

"பின்னிட்டாருல்லா!" என்றான் சக்திகுமார்.

ஆமா, என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கம்பெனியில் கன்வேயர் ஆறாகிவிட்டது. போன்கள் பரிசல்களாக வந்து, என் முன் சற்று நின்று, போகின்றன. தரத்தில் குறையில்லை.

சக்திகுமாரின் இன்டர்வியூவுக்குப் பதில் சொல்லிக் கொடுத்தது நான். என் அண்ணனிடம் முதல்முதல் பேசியபோது பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக் கொடுத்ததும் நான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன் என்பதை அவன்தான் தன் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். "நானே சொல்லுதேன், நீ பேசாம இரு" என்று சத்தியம் செய்திருக்கிறான்.

மேடையில் பரிசல்காரி சொல் எடுத்துக் கொடுத்ததை நாச்சியாரிடம் சொன்னேன். "ஏட்டி வேல்விழி, அவ எடுத்துக் குடுக்கலன்னா நாடகம் நின்னுரும்லா? அத்தன பேரு உக்காந்திருக்காவ!" என்றாள்.

நின்றால்?

ஆகஸ்ட் 14, வியாழன்

பயமாத்தான் இருக்கு. அவன எனக்குப் புடிச்சிருக்கே — அதான் சனியன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. குன்றத்தூரில் அண்ணன் மாரிமுத்துவின் வாடகை வீடு. கேசரி.

சக்திகுமாரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே இவளுக்கு எதுக்கு ஷிப்டும் கிப்டும்? வீட்டப் பாத்துக்கிட்டாப் போதாதா?"

"மாப்ள, நீங்க என்ன சொல்லுதிய?" என்றான் அண்ணன்.

சக்திகுமார் என்னைப் பார்த்தான். மேடையில் ராஜபார்ட் திணறியபோது பார்த்த அதே பார்வை. முதல் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு சொல். நான் ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா சொல்லுதது சரிதான்" என்றான்.

மென்று விழுங்கினேன். "நான் வேலைய விட மாட்டேன் அத்தை."

அவர் என் கையை விட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஹாஸ்டல் வார்டன் சுந்தராம்பாள் வந்தார். "இன்னாம்மா, உனுக்குக் கல்யாணமாமே? உன் கட்டிலு கேட்டுகினு ஒரு பொண்ணு வந்துகீது. இன்னா சொல்றது?"

கட்டில் காலியில்லை என்றேன்.