இசக்கி அக்கா, ஊசி போய்ச் சேர்ந்தது

என் அன்பு இசக்கி அக்கா,

நாம் செய்த ஊசி ஒரு மனிதரின் உடம்புக்குள் பிழையில்லாமல் போய்விட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ரங்கன் அண்ணனுக்கு ஈரலின் ஆழத்தில் கட்டி. அதற்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய். நேரான ஊசியால் தொட முடியாது. வயிற்றைத் திறந்தால் அவர் இதயம் தாங்காது. ரோபோ செலுத்த, உள்ளே வளைந்து போகும் நம் ஊசிதான் கடைசி வழி என்றார் டாக்டர்.

வல்லம் வடகால் ஆலையில் அந்த ஊசி சோதனைக்குச் சோதனை குறி தப்பிய நாட்கள் நினைவிருக்கிறதா? முனை திரும்பும் பக்கமாக ஊசி வளைய வேண்டும், வளையவில்லை. எல்லோரும் கணினியைக் குறை சொன்னோம். நீதான் மேலாளரை மறித்தாய்.

"சார், நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க. ஊசியோட அடியத் திருப்புனதும் முனை உடனே திரும்பல. பிந்தித்தான் திரும்புது."

"அது இன்ஜினியர் வேலைம்மா. நீ லைனைப் பாரு."

நீ விடவில்லை. ஷிப்ட் முடிந்தும் நின்று, செயற்கைச் சதைக்குள் ஊசி ஊசியாகச் செலுத்தி, முனை எவ்வளவு பிந்துகிறது என்று எழுதினாய். அந்த அளவுகளை ரோபோவுக்குக் கொடுத்த பிறகு ஊசி தப்பவே இல்லை. அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம்?

சிகிச்சையன்று ஆலை சார்பில் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். திரையில் ஊசி ரத்தக்குழாயை நெருங்கியது. முனை மெல்லத் திரும்பி, குழாயைச் சுற்றிக்கொண்டு போய், கட்டியின் நடுவில் நின்றது. அங்கேயே சூடேற்றிப் பொசுக்கினார்கள். "அக்கா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

போன வாரம் ஸ்கேன் பார்த்தார்கள். கட்டி செத்துவிட்டது! மறுநாளே ரங்கன் அண்ணன் ஆலை வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, வவுத்துல ஒரு புள்ளிதான் கீது! யாரும்மா செஞ்சது?"

"இசக்கி அக்கா" என்றேன். பக்கத்தில் நின்ற மேலாளர், "முழுப் பேரைச் சொல்லும்மா" என்றார். "இசக்கியம்மாள்" என்று சத்தமாகச் சொன்னேன்.

நீ ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தாய் என்று மட்டும்தான் உன் அம்மாவுக்குத் தெரியும். பொங்கல் விடுமுறையில் கோவில்பட்டிக்குப் போவேன். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். இது சத்தியம், அக்கா.

ஒரே அறையில் தங்கி உன் தங்கையாகிப்போன,
ஜெனிட்டா